பட்டுப்புழு முட்டையை வீட்டில் பொரிக்கச் செய்யும் முறை

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் பாவு இழை அடிக்கடி அறுவதைக் கண்டு நூல் மட்டமானது என்று நொந்துகொள்கிறார். நூல் எடுத்தவரை விசாரித்தால் கூடு மட்டம் என்கிறார். கூடு கொண்டுவந்த உழவரை விசாரித்தால் இலை சரியில்லை, மழை சரியில்லை, காலமே சரியில்லை என்கிறார். முட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், தவணை தவறிய கடன்களுக்குக் காரணமாக ‘போகம் பொய்த்தது’ என்று எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். அப்போகங்களுள் ஒரு பகுதி முட்டையிலேயே பொய்த்தவை என்பது என் கருத்து. அதனை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டுப்புழு முட்டை கடுகிலும் சிறியது, சற்றே சப்பையானது. ஓர் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் 400 முதல் 500 வரை இருக்கும். இதனையே ஒரு முட்டைத் தொகுதி என்கிறோம். இட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 10 நாட்களில் முட்டை பொரிகிறது. பின்னர் 25 நாட்கள் போலப் புழு இலை தின்கிறது. நான்கு முறை தோலுரிக்கிறது. பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு எடையை அடைகிறது. இந்த 25 நாட்களில் வீட்டார் அனைவரும் உறக்கமின்றி உழைக்கின்றனர். முன்னுள்ள பத்து நாட்களிலோ இலை பறிக்க வேண்டியதில்லை, தட்டுக் கழுவ வேண்டியதில்லை. ஆகவே வேலையே இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். முட்டை அட்டை சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது; அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் இரு சகோதரர்கள் ஒரே நாளில், ஒரே வித்தகத்தில், ஒரே குறியீட்டு எண்ணுள்ள முட்டைகளில் ஆளுக்கு 100 தொகுதிகள் வாங்கினர். தோட்டமும் ஒன்றே, நடுவில் ஒரு வரப்பு மட்டும் உண்டு. இளையவருக்குக் கூடு வந்தது. மூத்தவருக்கு மூன்றாம் முறையாக அரைகுறையாயிற்று. கடன் அறிவிப்பைக் கொடுக்கச் சென்றவன் நானே. ‘தம்பி, முட்டை ஒன்றுதான், வாங்கின வேளையும் ஒன்றுதான்; பெரியவன் கைராசி அப்படி’ என்று அவர்களுடைய தாயார் வருந்திச் சொன்னார். பட்டப் படிப்பில் விலங்கியல் பயின்றவனாதலால் கைராசியை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முட்டை அட்டையை எங்கே வைத்தீர்கள் என்று வினவினேன். கல்நார்த் தகடு வேய்ந்த புதுக் கொட்டகையில், எலி எட்டாத உயரத்தில், கூரைக்கு ஒரு முழம் கீழே வைத்ததாக மூத்தவர் கூறினார். அவ்விடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். விடியற்காலையில் 22 டிகிரி செல்சியஸ். பிற்பகல் இரண்டு மணிக்கு 37. இளையவர் அட்டையை வைத்திருந்ததோ பழைய ஓட்டு வீட்டின் மண்சுவர் அறையில், நெற்குதிரின் பக்கத்தில். அங்கே இரவும் பகலும் 24-க்குக் கீழும் 27-க்கு மேலும் போகவில்லை. எவரும் சொல்லிக்கொடுத்து அவர் அவ்வாறு செய்யவில்லை. அந்த அறைக்குத்தான் பூட்டு இருந்தது.

முட்டைக்கு உயிர் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஓட்டிலுள்ள நுண்துளைகளின் வழியாக அது மூச்சு விடுகிறது. அதே வழியாக அதன் ஈரமும் வெளியேறுகிறது. உள்ளே கரு வளர்வதற்கு ஏற்ற வெப்பம் 25 டிகிரி. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 அளவில் இருத்தல் வேண்டும். வெப்பம் 30-ஐத் தாண்டி நின்றால் சில கருக்கள் விரைந்தும் சில சோர்ந்தும் வளரும், சில மடியும். காற்று வறண்டால் முட்டை உள்ளுக்குள்ளேயே காய்ந்து, புழு முழு வளர்ச்சி பெற்றும் ஓட்டைக் கடித்து வெளிவர வலுவின்றிச் சாகும். ஈரம் 90-க்கு மேல் நின்றாலும் நன்றன்று. பொரிக்கும் புழு தளர்ந்ததாக இருக்கும்.

ஒரே நாளில் பொரிவதில் என்ன இருக்கிறது, மறுநாள் பொரிந்தாலும் புழு புழுதானே என்று கேட்கும் அங்கத்தினர்கள் உண்டு. இதுதான் கட்டுரையின் உயிர்நாடி; ஆதலின் சற்று விரித்துக் கூறுகிறேன். புழு தோலுரிக்கும் முன் ஒரு நாள் அளவு உண்ணாமல் தலையைத் தூக்கியபடி உறங்கும். அப்போது இலை போடக்கூடாது. தட்டை உலரவிட வேண்டும். ஒரே தட்டில் முதல்நாள் புழுவும் மறுநாள் புழுவும் கலந்திருந்தால் பாதி உறங்கும், பாதி பசித்திருக்கும். இலை போட்டால் உறங்குபவை இலைக்கடியில் ஈரத்தில் புதையும். போடாவிட்டால் விழித்திருப்பவை பட்டினி கிடக்கும். நான்கு தோலுரிப்பிலும் இவ்வாறே இடைவெளி அகன்றுகொண்டு போகும். முடிவில் சில புழுக்கள் கூடு கட்டச் சந்திரிகையில் ஏறும்போது சில இன்னும் இலை தின்றுகொண்டிருக்கும். சிறியதும் பெரியதுமான அக்கூடுகளை ஒரே கொப்பரையில் இட்டு நூல் எடுத்தால் இழை ஒரு சீராக வராது. தறியில் அறுந்த பாவு இழையை இங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

கணக்கும் பார்ப்போம். 100 தொகுதிகளில், தொகுதிக்கு 450 வீதம் 45,000 முட்டைகள். நூற்றுக்கு 95 வீதம் ஒரே நாளில் பொரிந்தால் 42,750 புழுக்கள். நூற்றுக்கு 80 பொரிந்தால் 36,000. வேறுபாடு 6,750 புழுக்கள். கூடு ஒன்றுக்கு 1.7 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 11 கிலோ கூடு. இடையில் மடியும் புழுக்களுக்குக் கழித்தாலும் பத்துக் கிலோவுக்குக் குறையாது. முட்டைக்குக் கொடுத்த விலையோ, மனைக்குச் செய்த செலவோ இதனால் ஒரு காசும் குறைவதில்லை.

இனி முட்டை வாங்குவதைப் பற்றி. நோயற்ற முட்டைத் தொகுதி என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருப்பர். அதன் வரலாறு சுவையானது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டுப் பட்டுத் தொழிலைப் பெப்ரின் என்னும் நோய் நிலைகுலையச் செய்தது. அதனை ஆராய 1865-ஆம் ஆண்டில் அலெஸ் நகருக்கு அனுப்பப்பட்டவர் லூயி பாஸ்டர். அதற்குமுன் அவர் பட்டுப்புழுவைப் பற்றி ஏதும் அறியாதவர்; கூட்டைக் காதருகில் குலுக்கி, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தாராம். அவரே சில ஆண்டுகளில், நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவே பிள்ளைக்கு இறங்குகிறது என்று நிறுவினார். ஆகவே ஒவ்வொரு தாய் அந்தும் தனித்தனியே முட்டையிடச் செய்து, பின்பு அதனை அரைத்து நுண்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கி, நோய்க்கிருமி காணப்பட்டால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும் என்றார். நம் வித்தகங்களிலும் அடிப்படை அதுவே. எனவே அங்காடி வாசலில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் பேர் தெரியாத முட்டையை வாங்குவது பெருந்தவறு. 2006-ஆம் ஆண்டில் மத்திய பட்டு வாரியச் சட்டத்திற்குச் செய்த திருத்தத்தின்படி, பதிவு பெற்றவர்களே முட்டை உற்பத்தி செய்து விற்க உரிமையுடையவர்கள்.

அட்டையை வாங்கும்போது முட்டையிட்ட தேதியையும் குறியீட்டு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்க. காலையிலோ மாலையிலோ வெயில் தாழ்ந்த வேளையில் கொண்டுவருக. பிளாஸ்டிக் உறையில் மூடி முடிந்தால் முட்டை மூச்சுத் திணறும். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டிமேல் வைத்துக் கொண்டுவந்தவரையும், யூரியா மூட்டையோடு பேருந்தின் பின்புறத்தில் ஏற்றி வந்தவரையும் நான் கண்டிருக்கிறேன். துளையிட்ட அட்டைப்பெட்டியோ, நனைத்துப் பிழிந்த துணி சுற்றிய மூங்கிற்கூடையோ போதும்.

முட்டை வருவதற்கு மூன்று நான்கு நாள் முன்னரே அறையைத் தூய்மை செய்துவிட வேண்டும். பத்து லிட்டர் நீரில் 200 கிராம் சலவைத்தூளும் 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கரைத்துத் தரை, சுவர், தட்டு, தாங்கி யாவற்றையும் நனையுமாறு தெளித்து, பின் கதவைத் திறந்து நெடி போகும்வரை காற்றோடவிடுக. சலவைத்தூள் புதியதாகவும் காற்றுப் புகாமல் கட்டிவைத்ததாகவும் இருத்தல் வேண்டும்; பழந்தூளில் வீரியம் இராது. அந்த அறையில் புகையிலை, பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இவற்றுள் எதுவும் இருத்தலாகாது. கொசுவர்த்தியும் ஆகாது. பூசையறையில் வைத்தால் புண்ணியம் என்று நினைத்து அட்டையைச் சாம்பிராணிப் புகையில் தொங்கவிடுவதையும் அன்புகூர்ந்து நிறுத்துக.

செவென் மலைப்பகுதியைச் சேர்ந்த பிரெஞ்சுப் பெண்கள் ஒரு காலத்தில் முட்டைகளைச் சிறு துணிப்பையில் இட்டு ஆடைக்குள் வைத்துக்கொண்டு, தம் உடற்சூட்டாலேயே பொரிக்கச் செய்துவந்தனர். அவர்களுக்குக் குளிர் பகை. ஓசூர், தாளவாடி போன்ற மேட்டுநிலங்களில் மார்கழி தை மாதங்கள் நீங்கலாக, நமக்குப் பெரும்பாலும் வெயிலே பகை. ஆகவே குளிர்ச்சியைத்தான் நாம் தேட வேண்டும். அதற்கு மின்சாரப் பெட்டி வேண்டுமென்பதில்லை. வாயகன்ற மண்பானை ஒன்றினுள் அதனிற் சிறிய பானையை வைத்து, இரண்டிற்கும் நடுவே மணல் நிரப்பி, அம்மணலை நாளும் இருமுறை நனைத்துவருக. உட்பானையில் இரு மூங்கிற் குச்சிகளைக் குறுக்கே வைத்து அட்டைகளைத் தொங்கவிடுக, ஒன்றோடொன்று உரசலாகாது. வாயை மெல்லிய ஈரத்துணியால் மூடுக. நீர்த்துளி முட்டைமேல் சொட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பகலில் இருமுறை துணியை நீக்கிக் காற்றாடவிடுக. உதிரி முட்டையாக வாங்கியிருந்தால் மெல்லிய துணி கட்டிய சட்டத்தில் ஒரே அடுக்காகப் பரப்புக. குவியலாக இருந்தால் நடுவிலுள்ளவை புழுங்கும். பானை வைத்த பலகையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றக் கரியடுப்பு மூட்டுவோர் உண்டு. அப்புகையும் கரிவாயுவும் முட்டைக்கும் கேடு, மூடிய அறையில் உறங்கும் மனிதருக்கும் கேடு. மூடிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்தாலே போதிய வெதுவெதுப்புக் கிடைக்கும்.

அளவுகோல் இன்றி இவை யாவும் குருட்டுப் போக்கே. உலர்குமிழ், ஈரக்குமிழ் என இரண்டு வெப்பமானிகள் பொருந்திய ஈரமானி ஒன்று வேண்டும். உலர்குமிழ் 25-ஐயும் ஈரக்குமிழ் 22½-ஐயும் காட்டினால் ஈரப்பதம் 80 என்று கொள்ளலாம். ஈரக்குமிழ் 20-க்கு இறங்கினால் ஈரம் 63 அளவிற்கு வீழ்ந்துவிட்டது. உடனே மணலை நனைக்க வேண்டும். ஈரக்குமிழைச் சுற்றிய துணித்திரியை வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் கருவி பொய் சொல்லும்.

இனி இருட்டில் வைக்கும் வேலை. பெரும்பாலான அங்கத்தினர் இதனைச் செய்வதில்லை; செய்பவர்களும் காலம் தப்பிச் செய்கிறார்கள். பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அதாவது ஏறக்குறைய எட்டாம் நாளில், வெளிறிய முட்டையினுள் ஊசிமுனை அளவில் ஒரு கரும்புள்ளி தோன்றும். அது புழுவின் தலை. பூதக்கண்ணாடி இருந்தால் நன்கு தெரியும். மறுநாள் புழுவின் உடலும் கறுத்து, முட்டை முழுவதும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகிவிடும். ஊசிமுனைப் புள்ளி பெரும்பாலான முட்டைகளில் காணப்பட்ட அன்றே அட்டைகளைக் கறுப்புத்தாள் ஒட்டிய பெட்டியிலோ கறுப்புத்துணி சுற்றிய கூடையிலோ வைத்து, ஒரு கீற்று ஒளியும் புகாதபடி மூடிவிட வேண்டும். அதுவரை இயல்பான பகலொளியும் இரவிருளும் முட்டைக்குத் தேவை. பின்னர் இரண்டு நாள் திறந்து பார்த்தலாகாது. ஆவல் மிகுதியால் வீட்டுப் பிள்ளைகள் திறந்துவிடுவதே இங்கு நேரும் பெரிய விபத்து.

இதன் காரணம் எளிது. முட்டைக்குள்ளிருக்கும் புழுவுக்கு விடியலின் ஒளியே வெளிவரும் அழைப்பு. முந்தி வளர்ந்தவை ஒளி கிடைக்காமையால் காத்துக் கிடக்கும். அதற்குள் பிந்தியவை வந்து சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் காலை ஐந்து ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் கரிய மயிர்த்துணுக்குகள் போன்ற புழுக்கள் அட்டை நிறைய நெளியும். முதலில் தெரிந்த நாலைந்து புழுக்களைப் பார்த்துவிட்டு உடனே இலை போட வேண்டாம். ஒன்பது பத்து மணி அளவில் சிறு வலையை அட்டைமேல் விரித்து, தளிர் இலையை அரை சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கித் தூவுக. அரை மணியில் புழுக்கள் இலைமேல் ஏறிவிடும். வலையோடு எடுத்துத் தட்டில் இறக்கலாம். கோழியிறகால் தள்ளும் பழைய வழக்கத்தில் காயம் பட்டுச் சாகும் புழுக்கள் உண்டு.

ஒளியும் வெப்பமும் முட்டைக்கு எவ்வளவு நுட்பமாகப் புலனாகின்றன என்பதற்கு ஒன்று கூறுகிறேன். ஆண்டுக்கு இருமுறை பொரிக்கும் இனத்தின் முட்டையை 25 டிகிரியில் ஒளிபட அடைவைத்தால், அதிலிருந்து வளரும் அந்து உறங்கும் முட்டைகளை இடும். அவை உடனே பொரியா. அதே இனத்தைக் குளிரிலும் இருளிலும் அடைவைத்தால், பின்னர் வரும் அந்து உறங்காத முட்டைகளை இடும். ஓட்டுக்குள் கிடந்தபோது பெற்ற வெம்மையும் வெளிச்சமும் அடுத்த தலைமுறையைத் தீர்மானிக்கின்றன! விதைக்கூடு வளர்ப்போர் இதனை மனத்திற் கொள்க.

இப்போது முக்கியமான ஒன்று. புழு இறக்கியபின் வெற்று அட்டையைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். கணக்குப் புத்தகத்திற்குப் பற்றுச்சீட்டு எத்தகையதோ, போகத்திற்கு அந்த அட்டை அத்தகையது. இரண்டு நாள் கழித்து அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெண்மையாய், ஓரத்தில் ஓட்டை விழுந்திருப்பவை பொரிந்தவை. மஞ்சள் மாறாமல் சுருங்கிக் குழிந்திருப்பவை கருவுறாதவை. நீலமாகியோ, கரும்புள்ளி தோன்றியோ, ஓட்டை விழாமல் நின்றுபோனவை கடைசி நாட்களில் மடிந்தவை. மூன்றையும் ஒரு தொகுதியில் மட்டுமாவது எண்ணி எழுதுக. மஞ்சள் முட்டை மிகுதியாக இருந்தால் குறை வீட்டில் இல்லை. கொடுத்தவரிடம் அட்டையைக் காட்டி நியாயம் கேட்கலாம். நீல முட்டை மிகுதியாக இருந்தால் வழியிலோ வீட்டிலோ வெப்பமும் வறட்சியும் தாக்கியிருக்க வேண்டும் என்று முதலில் நம் பக்கத்தையே ஆராய வேண்டும். அட்டை இன்றி வாயால் மட்டும் சொல்லும் முறையீடு எந்த அலுவலகத்திலும் நிற்பதில்லை. எறிந்துவிட்ட அட்டைகளுக்காக உழவர்கள் வெறுங்கையோடு திரும்பியதை ஒருமுறைக்கு மேற்பட்டுப் பார்த்திருக்கிறேன்.

முற்கூறிய மூத்த சகோதரர் அட்டைகளைத் தம்பியின் குதிரறைக்கு மாற்றினார். மறுபோகம் அமோகமாக விளைந்தது என்று எழுத எனக்கும் ஆசையே. ஆயினும் அவ்வாண்டு கோடையில் இலை போதவில்லை, கூடு நடுத்தரமாகவே வந்தது. ஆனால் பொரிப்பு ஒரே காலையில் முடிந்தது. முட்டைக் குறை நீங்கி இலைக் குறை மட்டும் எஞ்சியது. அதற்கு வேறு மருந்து.

இக்காலத்தில் உழவர் பலர் முட்டை வாங்குவதே இல்லை. இளம்புழு வளர்ப்பு மையங்களிலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களையே வாங்குகின்றனர். அது வசதியானது, மையம் அருகில் இருப்பவர் அவ்வாறே செய்யலாம். அவர்களும் பொரித்த நாளையும் பொரிப்பு விகிதத்தையும் மையத்தாரிடம் கேட்டுப் பெறுதல் உரிமையாகும். மையம் தொலைவில் உள்ள ஊர்களில், பத்துப் பதினைந்து அங்கத்தினர் ஒரே நாளில் முட்டை தருவித்துச் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையிலேயே கூட்டாக அடைவைத்தால், ஒரு ஈரமானியும் ஒரு கறுப்புப்பெட்டியும் எல்லாருக்கும் உதவும். ஒவ்வொருவர் அட்டையிலும் பெயரும் குறியீட்டு எண்ணும் எழுதி, நாள்தோறும் மூன்று வேளை உலர்குமிழ், ஈரக்குமிழ் அளவுகளை ஒரு பதிவேட்டில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். நான் பார்வையிடும் சங்கம் ஒன்று சென்ற பொதுக்குழுவில் இதற்கென ஓட்டு வேய்ந்த பழைய தானிய அறையை ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. இரவு ஒன்பது மணி அளவைக் குறிக்க யார் வருவது, சாவி யாரிடம் இருப்பது என்ற இரண்டையும் முடிவு செய்யாமலே கூட்டம் கலைந்துவிட்டது. அவை அடுத்த மாத நிர்வாகக் குழுவின் பொருள் நிரலில் முதலாவதாகச் சேர்க்கப்பட்டுள்ளன.